செஞ்சோற்றுக்கடனும் வாய்மையும்

ஒருவர் மற்றொருவரிடத்தில் வேதனம் பெற்று, அவருடைய புகழை உலகத்துக்கு எடுத்துச் சொல்லுதலையே தொழிலாகக் கொண்டிருக்கின்றார். அவருக்குப் படியளக்கும் எசமானர் செல்வமும் அதிகாரமும் மிக்கவர். அவ்வெசமானர் ஒருநாள் பழிக்குரிய காரியமொன்றிற் சிக்கிக்கொள்ளுகின்றார். அப்பொழுது அத்தொழிலாளர் செய்யத்தக்கது யாது? உண்ட சோற்றை நினைந்து பழியை மறைத்தல் வேண்டுமா? வாளா இருத்தல் வேண்டுமா? கைவிட்டு விலகுதல் வேண்டுமா? நெடுங்காலம் அத்தொழிலிற் பயின்று உள்ளஞ் சலித்து, எதனையும் வினவுதற்கு வலியற்றிருக்கும் ஒருவர் இவ்விக்கட்டில் அகப்படுவாராயின், அவர்மேற் குற்றஞ் சுமத்துதல் நீதியாகுமா? இவ்வினாக்களை ஆராய்தலே இங்கே யாம் எடுத்துக்கொண்ட காரியம்.

இத்தொழிலை இக்காலத்தார் மக்கள் தொடர்பு என்பர்; இதனைச் செய்வோரைப் பிரசாரகர் என்று யாம் வழங்குவாம். தொழிலை நிந்தித்தல் எமது கருத்தன்று. பண்டைப் புலவரும் அரசரைப் புகழ்ந்து பரிசில் பெற்றனர். ஆயினும் அப்புகழ்ச்சி அவை நடுவே பாடப்பட்டது. பாடுவோர் யார், பரிசில் தருவோர் யார் என்பதைக் கேட்டோர் யாவரும் அறிந்திருந்தனர். இக்காலத்துப் பிரசாரகரின் சொல்லோ, பல சமயங்களில், சொல்லியவர் பெயரின்றிப் பத்திரிகையினுள் நுழைந்து, நடுநிலைச் செய்தி போலவே வாசிப்போர் உள்ளத்திற் படிகின்றது. இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வாம்.

உதாரணமாக, ஐக்கிய அமெரிக்காவில் வாழ்ந்த ஐவி லெட்பெற்றர் லீ என்பவருடைய சரித்திரத்தை எடுத்துக்கொள்வாம். இத்தொழிலை ஒரு முறைமைக்குட்படுத்திய முதல்வர் சிலருள் அவரும் ஒருவர் என்பது யாவரும் ஒப்புக்கொண்டது. அவர் 1877ஆம் ஆண்டு ஜோர்ஜியா மாநிலத்தில் மெதடிஸ்த குருவானவர் ஒருவருக்கு மகனாய்ப் பிறந்தார். பிறின்ஸ்ரன் சர்வகலாசாலையிற் கற்று 1898ஆம் ஆண்டிற் பட்டம் பெற்றார். நியூயோர்க் நகரத்துப் பத்திரிகைகளிற் சிலகாலம் நிருபராய் உழைத்தார். அக்காலத்து அமெரிக்கப் பெருஞ்செல்வர் பலர், பொதுமக்களுக்குத் தாம் மறுமொழி சொல்லக் கடமைப்பட்டவரல்லர் என்னும் இறுமாப்பு உடையராயிருந்தனர். கதவை அடைப்பதிலும் திறப்பதே அவர்களுக்கு நன்மை என்பதை லீ கண்டுகொண்டார்.

1906ஆம் ஆண்டில் நிலக்கரிச் சுரங்க உடைமையாளர் பொருட்டு அவர் உழைக்கத் தொடங்கியபோது, பத்திராதிபர்களுக்கு ஒரு பிரகடனம் அனுப்பினார். தமது வேலை மறைவிற் செய்யப்படுவதன்று என்பதும், தாம் தருவது நேரிய செய்தியே என்பதும், அதனைச் சோதிக்க விரும்பும் பத்திராதிபர் யாவருக்கும் தாம் உதவி புரிவார் என்பதும் அதன் சாரம். அவ்வாண்டின் ஒக்ரோபர் மாதத்தில் அத்லாந்திக் சிற்றி என்னும் ஊரில் புகைவண்டி ஒன்று பாலத்தினின்றும் நீரில் வீழ்ந்து 50க்கு மேற்பட்டோர் இறந்தனர். அப்போது அவர் புகைவண்டிக் கும்பினியாருக்காக நிகழ்ந்தவற்றை எழுதிப் பத்திரிகைகளுக்கு நேரே கொடுத்தார். விபத்தை மூடி மறைத்தலே வழக்கமாயிருந்த காலத்தில் இது நற்செயலேயாம். ஆகவே லீ பொய்யே தொழிலாகப் பிறந்தவரல்லர். நல்ல விதியொன்றை முதலில் தாமே வகுத்தவர். அதனாலேயே அவர் சரித்திரம் எமக்குப் படிப்பினை தருகின்றது. வகுத்த விதியை வகுத்தவரே நெகிழவிட்ட வரலாறு அது.

இனி, லட்லோ என்னும் ஊரின் செய்திக்கு வருவாம். கொலராடோ மாநிலத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் 1913ஆம் ஆண்டு செப்ரெம்பரில் வேலைநிறுத்தஞ் செய்தனர். கும்பினி வீடுகளினின்றும் வெளியேற்றப்பட்ட அவர்கள், மனைவி மக்களோடு வெட்டவெளியிற் கூடாரமடித்து மாரிக்காலத்தைக் கழித்தனர். 1914ஆம் ஆண்டு ஏப்ரில் 20ஆந் தேதி மாநிலப் படையினரும் கும்பினியின் காவலாளரும் அக்கூடாரங்களைத் தாக்கினர். கூடாரங்கள் எரிந்தன. ஒரு கூடாரத்தின் கீழ்த் தோண்டப்பட்ட குழியினுள் ஒளித்திருந்த பெண்கள் இருவரும் சிறுவர் பதினொருவரும் மூச்சடைத்து மாண்டனர். அங்குள்ள சுரங்கக் கும்பினிகளுள் மிகப் பெரியதில் றொக்பெல்லர் குடும்பத்தாருக்குப் பெரும்பங்கு இருந்தது. நாடெங்கும் பழி எழுந்தது. இளைய றொக்பெல்லர் லீயைத் துணைக்கு அழைத்தார்.

லீ தொடர்ச்சியாய்ப் பல துண்டுப் பிரசுரங்களை எழுதினார். அவை அவர் பெயரால் வெளிவரவில்லை. சுரங்க உடைமையாளரின் குழுவினாலேயே எழுதப்பட்டன போலக் கொலராடோவிலிருந்து தபாலில் அனுப்பப்பட்டன. அரசினர், பத்திராதிபர், குருமார் முதலியோரோடு ஆசிரியரும் அவற்றைப் பெற்றோருட் சேர்ந்தவர். ஊரார் மதிக்கும் வாயில்களைத் தேர்ந்தெடுத்து அவற்றின் வழியே செய்தியைப் பாய்ச்சுதல் பிரசாரகரின் உபாயம். தொழிற்சங்கத் தலைவர் பெற்ற ஓராண்டுக்குரிய தொகைகள், ஒன்பது வாரத்தில் அவர்கள் பெற்றனவாக அப்பிரசுரங்களில் அச்சிடப்பட்டிருந்தன. பசித்த தொழிலாளரின் தலைவர் அத்துணைப் பணத்தை விழுங்குகின்றனர் என்று வாசித்த ஒருவர், மாண்ட சிறுவருக்காக இரங்கிய நெஞ்சை உடனே கல்லாக்கிக்கொள்ளுதல் இயல்பன்றோ?

1915ஆம் ஆண்டில் தொழிலுறவு பற்றிய அரசாங்க விசாரணைக் குழுவின் முன்னிலையில் லீ நிறுத்தப்பட்டார். குழுத் தலைவர் பிராங் வோல்ஷ் என்பவர், உமக்குத் தரப்பட்ட செய்திகள் மெய்யோ என்று அறிய நீர் யாது முயற்சி செய்தீர் என்னுங் கருத்துப்பட வினவினார். தாமாக யாதொரு முயற்சியும் செய்ததில்லை என்று லீ விடை கூறினார். கும்பினியார் கொடுத்தனர், அவர் எழுதினார். அப்டன் சிங்கிளெயர் என்னும் நூலாசிரியர், ஐவி என்னுஞ் சொல் ஒரு கொடியின் பெயராதலைக் கருதி, பின்னாளில் அவரை நச்சுக்கொடி என்று இகழ்ந்தார். அவ்விகழ்ச்சி அவர் மரணத்தின் பின்னும் அவரைத் தொடர்ந்து வருகின்றது.

ஈண்டு ஒன்று நோக்கற்பாலது. லீ தாமே பொய்யொன்றைப் புனைந்தார் என்று குழுவினர் முன்னிலையிற் கூறப்பட்ட அவ்விடையிலிருந்து யாம் முடிவு செய்யவில்லை. அவர் செய்த குற்றம் வினவாமை. வினவாமையும் ஒரு குற்றமா எனின், ஆம். பிறனொருவன் செய்து கொடுத்த குறைந்த கொத்தை, நிறைவோ குறைவோ என்று சோதியாது கையில் எடுத்து நெல்லளப்பவன், யான் கொத்துச் செய்தவனல்லேன் என்று சொல்லித் தப்பலாமா? வாங்குவோன் நம்பியது கொத்துச் செய்தவனை அன்று, அளந்தவனையே நம்பினான். சொன்னதைச் சொல்லுங் கிளிப்பிள்ளையை நாம் கோபிப்பதில்லை. அதற்கு வினவும் அறிவு இல்லை. வினவும் அறிவுடைய ஒருவர் கூலியின் பொருட்டுக் கிளிப்பிள்ளை ஆவாராயின், அவர் தம்மிடத்துள்ள மேலானதொன்றை விற்றவராவர்.

அற்றேல், நியாயவாதியும் கூலி பெற்றே பேசுகின்றார். தம் கட்சிக்காரர் குற்றவாளியேயாயினும் அவருக்காக வாதாடுகின்றார். அவரை நாம் பழிப்பதில்லையே எனின், இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. நியாயத்தலத்தில் இவர் வாதியின் வக்கீல், இவர் பிரதிவாதியின் வக்கீல் என்பது வெளிப்படை. ஒருவர் சொல்லை மறுக்க மற்றொருவர் எதிரே நிற்கின்றார். சாட்சிகள் குறுக்கு விசாரணை செய்யப்படுகின்றனர். இருவரையுங் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல நீதிபதி இருக்கின்றார். பொய்யென்று தாம் அறிந்த சாட்சியத்தை முன்வைத்தல் நியாயவாதிக்கும் விலக்கப்பட்டதே. பிரசாரகர் பேசும் அவையில் இப்பாதுகாவல்களுள் ஒன்றேனும் இல்லை. எதிர்வாதி அங்கே அழைக்கப்படுவதில்லை. கேட்போரே நீதிபதி, ஆனால் தாம் தீர்ப்புச் சொல்லுகின்றனர் என்பதும் அவர்க்குத் தெரியாது. ஆதலின் நியாயவாதிக்கு வெளியே நிற்குங் காவல்களைப் பிரசாரகர் தம் நெஞ்சினுள்ளேயே நிறுத்திக்கொள்ளக் கடமைப்பட்டவர். 1906ஆம் ஆண்டின் பிரகடனத்தில் லீ செய்ததும் அதுவே. லட்லோவில் அவர் நீக்கியதும் அதனையே.

இனி, எம்மவரிடையே எழும் வலிய தடையொன்றுண்டு. செஞ்சோற்றுக்கடன் கழித்தல் பெருந்தருமம் என்று நாம் சிறுவர்க்குக் கற்பிக்கின்றோம். சோறிட்டவன் துன்பத்தில் ஆழும்போது கைவிடுபவன் நன்றி கொன்றவன் அல்லனோ என்று வினவுவர். இத்தடையை இலேசாகத் தள்ளுதல் கூடாது. செல்வக்காலத்திற் கூடியிருந்து உண்டு, பழிவந்த மறுநாளே எசமானரைத் தூற்றிப் பத்திரிகைக்கு எழுதும் மனிதரை யாமும் மதியோம். ஆயின், கடன் எதனாற் கழிக்கப்படும் என்பதை ஆராய்தல் வேண்டும்.

இராம காதையிலே இராவணன் பொருட்டு உயிர் நீத்தோருள் இருவரை நோக்குக. ஒருவன் கும்பகருணன், மற்றவன் மாரீசன். இருவரும் இராவணன் செய்வது தீது என்று அறிந்தவர். இருவரும் அவனுக்கு முதலில் நீதி கூறினர். இருவர் சொல்லும் ஏறவில்லை. அதன்பின் கும்பகருணன் செய்தது யாது? ஆயுதம் எடுத்து, தன் பெயரால், யாவருங் காணப் போர்க்களம் புகுந்தான். தன் உயிரைக் கொடுத்தான். சீதையைக் கவர்ந்தது நீதியென்று அவன் யாரிடத்தும் சாதிக்கவில்லை. மாரீசனோ, போர்த்தொழிலிற் சலித்து, வனத்தில் தவவேடம் பூண்டு ஒதுங்கியிருந்தவன். இராவணனுடைய வெகுளிக்கு அஞ்சி, அவன் கருத்துக்கு இசைந்தான். பொன்மானாய்த் தோன்றினான், இறக்கும்போது இராமனுடைய குரலால் ஓலமிட்டான். அந்தக் குரல் அவனுடையதன்று. அதனை நம்பி ஏமாந்தவர் அவனுக்கு யாதொரு தீங்குஞ் செய்யாத ஒரு பெண். இருவரும் உயிரைக் கொடுத்தார்கள். ஆயினும் கும்பகருணனை நினைக்கும்போது நம் நெஞ்சு உருகுகின்றது, மாரீசனை நினைக்கும்போது கூசுகின்றது. காரணம் யாது?

கடனைத் தன் பொருளாற் கழிக்கலாம்; பிறர் பொருளாற் கழித்தல் கூடாது. இதுவே காரணம். உழைப்பு நம்முடையது, காலம் நம்முடையது, உறக்கமும் உடல்நலமும் நம்முடையன, வேண்டுமாயின் உயிரும் நம்முடையதே. இவற்றை எசமானருக்குக் கொடுக்கலாம். உண்மையோ நம்முடையதன்று. அது கேட்போருக்கு உரியது. எந்தக் குழியில் எத்தனை குழந்தைகள் ஏன் மாண்டன என்பதை அறியும் உரிமை அந்நாட்டு மக்களுக்கு இருந்தது. அதனை எடுத்து றொக்பெல்லர் இட்ட சோற்றுக்கு விலையாகக் கொடுத்தல், அயலான் வளவில் மாங்காய் பறித்து நம் கடனைத் தீர்த்தல் போல்வதாம். செஞ்சோற்றுக்கடன் என்னும் பெயரால் செய்யப்படும் பொய் நன்றியறிதலன்று, அது களவு. இக்கட்டுரையால் யாம் சொல்லக் கருதிய பொருள் இவ்வொன்றே. ஏனையவெல்லாம் இதன் விரிவு.

எசமானர்மேல் எழுந்த பழி பொய்யாயின் யாது செய்வது என்று ஒருவர் கேட்கலாம். பொய்ப்பழியைத் துடைத்தல் புண்ணியமே. அதிகாரமுடையோரைப் பற்றி எழும் பழிகளெல்லாம் மெய்யாகா. ஆயின் பொய்யோ மெய்யோ என்பதை அறிதற்கும் முதற்படி வினவுதலேயன்றோ? வினவி அறிந்து தம் எசமானரின் குற்றமின்மையை நிலைநாட்டும் பிரசாரகர் இரட்டிப்பான பயன் செய்கின்றார். வினவாது வாதாடுவோர் சொல்லோ, அது மெய்யாயிருந்த நாளிலும் நம்பப்படுவதில்லை.

இனிச் சலிப்பைப் பற்றிச் சிறிது சொல்லுவாம். ஒருவர் ஒரேநாளில் கிளிப்பிள்ளை ஆவதில்லை. தொழிலுக்கு வந்த புதிதிற் பத்து வினா வினவுகின்றார். எசமானர் முகஞ் சுளிக்கின்றார். அடுத்தமுறை ஐந்து வினவுகின்றார். விடை கிடைக்கும்முன் அச்சுக்கூடத்திலிருந்து ஆள் வந்து நிற்கின்றான். அதன்மேல் ஒன்று வினவுகின்றார். பின்பு எதனை வினவாதிருத்தல் நலம் என்பதைப் பழக்கத்தால் அறிந்துகொள்ளுகின்றார். அவ்வறிவுக்கு அநுபவம் என்று பெயரிடுகின்றார். உடற்சலிப்பு உறங்கினாற் போய்விடும். வினவுதலிற் சலிப்போ உறங்குந்தோறும் வளரும். ஆதலால், சலித்தவர்மேற் குற்றமில்லை என்னுங் கொள்கையை யாம் முழுதும் ஒப்பமாட்டோம். நெறியில் நின்று களைத்தவர் இரக்கத்துக்குரியவர். நெறியை விடுதற்குக் களைப்பைச் சாட்டுவோர் தம்மையே ஏமாற்றுவோராவர்.

லீயினுடைய இறுதிக்காலம் இதனை விளக்கும். ஹிற்லர் 1933ஆம் ஆண்டு ஜனவரியில் ஜேர்மனியின் ஆட்சியைக் கைப்பற்றினார். அவ்வாண்டு ஏப்ரிலில் யூதரின் கடைகள் விலக்கப்பட்டன. மே மாதத்தில் நூல்கள் வீதியிலே தீயிடப்பட்டன. இவை உலகம் அறிய நிகழ்ந்தவை. அந்நாட்டு இரசாயனப் பெருங்கும்பினியாகிய ஐ. ஜி. பார்பன், அமெரிக்கரிடையே ஜேர்மனியின் நன்மதிப்பைப் பேணும் ஆலோசனைக்காக, ஆண்டொன்றுக்கு 25,000 டொலர் லீக்குக் கொடுத்துவந்தது. 1934ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் விசேட விசாரணைக் குழு அவரை அழைத்து வினவியது. ஜேர்மனியர் அமெரிக்காவிற் பிரசாரஞ் செய்தலாகாது என்றும், யூதரை அவர்கள் நடத்தும் முறையை அமெரிக்க மக்கள் ஒருபோதும் ஏற்கமாட்டார் என்றும் தாம் அறிவுரை கூறியதாக அவர் சொன்னார். அவர் கூறிய சாட்சியம் ஜூலை மாதத்தில் வெளியானது. பத்திரிகைகள் அவரை ஹிற்லரின் பிரசாரகர் என்று தூற்றின. அவ்வாண்டு நவம்பர் 9ஆந் தேதி, மூளையிற் கட்டி உண்டாகி, தம் 57ஆம் வயதில் அவர் இறந்தார்.

அவர் சொன்ன அறிவுரைகளை மெய்யென்றே கொள்வாம். இடித்துரைத்தல் நல்லதே. கும்பகருணனும் மாரீசனும் இடித்துரைத்தவரே. ஆயினும் இடித்துரைத்தல் அறத்தின் பாதி. கேளாதவழி நாவைக் கொடாமை மறுபாதி. தம் அறிவுரை கடைப்பிடிக்கப்படாமை வெளிப்படையாயிருக்க, வேதனம் மட்டும் தவறாது வந்துகொண்டிருக்குமாயின், அவ்வேதனம் எதற்கு விலை என்று ஒருவர் தம்மைத் தாமே கேட்டல் வேண்டும். பிற்காலத்தில் அக்கும்பினி அவுஸ்விற்ஸ் சிறைக்கூடத்தினருகே தொழிற்சாலை கட்டி அடிமைகளை வருத்தியது. 1948ஆம் ஆண்டில் நியூறம்பேர்க் நகரத்து நீதிமன்றில் அதன் தலைவர் பதின்மூவர் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டனர். அதனை 1934ஆம் ஆண்டில் இறந்தவர்மேற் சுமத்துதல் நீதியன்று. கண்முன் நிகழ்ந்தவற்றுக்கே அவர் பொறுப்பாளர். கண்முன் நிகழ்ந்தனவே போதியனவாயிருந்தன.

லீயை முற்றாக வெறுத்தலும் முறையன்று. லட்லோவின் பின், இளைய றொக்பெல்லர் தாமே நேரிற் சென்று தொழிலாளரைக் காணவேண்டும் என்று அறிவுறுத்தியோருள் அவரும் ஒருவர். 1915ஆம் ஆண்டில் அச்செல்வர் கொலராடோவுக்குப் போய்ச் சுரங்கங்களைக் கண்டு, தொழிலாளரோடு உடனிருந்து பேசினார். பிரசாரகர் ஒருவர் தம் எசமானரின் செவியை உண்மைக்குத் திறத்தல் கூடும் என்பதற்கு இது சான்று. எசமானரின் நாவை உலகத்துக்குக் கொண்டுசெல்லுதல் அத்தொழிலின் ஒரு பகுதி. உலகத்தின் கண்ணீரை எசமானரிடங் கொண்டுசெல்லுதல் மற்றப் பகுதி. பின்னதை மறந்த இடத்திலேயே இத்தொழில் இழிவடைகின்றது.

அமெரிக்க சனாதிபதியின் மாளிகையில் நிகழ்ந்த இரு காரியங்களையும் இங்கே ஒப்பிடலாம். 1972ஆம் ஆண்டில் வாட்டர்கேட் என்னுங் கட்டடத்தில் எதிர்க்கட்சியாரின் காரியாலயத்தினுட் களவாகப் புகுந்தோர் பிடிபட்டனர். சனாதிபதி நிக்சனின் பத்திரிகைச் செயலாளராகிய றொன் சீக்லர், அது அற்பமான களவு முயற்சி என்று பலமுறை தள்ளிப் பேசினார். உண்மை கசியத் தொடங்கியபின், 1973ஆம் ஆண்டு ஏப்ரில் 17ஆந் தேதி, முன் சொன்னவை இனிச் செல்லா என்னும் பொருள்பட ஒரு சொல்லைச் சொன்னார். பொய் என்று சொல்லவில்லை. காலங்கடந்த தபால்முத்திரை போல அவை செல்லாதன ஆயின! சொல்லை இவ்வாறு வளைத்தோர்க்கு மொழியே பகையாகின்றது. அடுத்த மாதத் தொடக்கத்தில் அவர் பத்திரிகையொன்றிடம் வெளிப்படையாய் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.

1974ஆம் ஆண்டு ஓகஸ்ற் 9ஆந் தேதி நிக்சன் பதவி துறந்தார். அடுத்து வந்த ஜெறால்ட் போர்ட், ரெர்ஹோர்ஸ்ற் என்னும் பத்திரிகை நிருபரைத் தமக்குப் பத்திரிகைச் செயலாளராக்கினார். ஒரு மாதம் சென்றது. செப்ரெம்பர் 8ஆந் தேதி, விசாரணைக்கு முன்னரே நிக்சனுக்கு முழு மன்னிப்பு அளிக்கப்பட்டது. ரெர்ஹோர்ஸ்ற் தம் மனச்சாட்சி அதனை ஒவ்வாமையாற் பதவியை விட்டார். எளியோர்க்கு இல்லாத மன்னிப்பு வலியோர்க்கு மட்டும் உண்டாதல் எவ்வாறு என்பதே அவர் வினா. தாம் நம்பாத ஒன்றை உலகத்துக்கு நம்பும்படி சொல்ல அவர் உடன்படவில்லை. சனாதிபதியை அவர் தூற்றவுமில்லை, போர்க்கோலமும் பூணவில்லை. ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் பழைய தொழிலுக்கு மீண்டார். அம்மன்னிப்பு நாட்டுக்கு நன்மையே என்று கருதுவோர் அந்நாட்டிற் பலர் உளர். அவ்வழக்கு எப்படித் தீர்ந்தாலும், நம்பாததைச் சொல்லாமை என்னும் அவர் நெறி குன்றுவதில்லை.

அவர்க்கு மீளப் பழைய தொழில் இருந்தது. மனைவி மக்களையுங் கடனையும் சுமந்து, வேறு பிழைப்பில்லாதவன் என்ன செய்வான் என்று இரக்கமுடையோர் கேட்பர். கேட்கத்தக்க வினாவே. யாவருக்கும் ஒரே நாளில் விலகும் வலியில்லை. ஆயினும் பொய் சொல்லுதலுக்கும் விலகுதலுக்கும் இடையே படிகள் பல உள. தெரியாததைத் தெரியாதென்று சொல்லுதல் ஒரு படி. இதனை என் பெயராலன்றி உம் பெயராலேயே வெளியிடுக என்று எசமானரிடம் பணிவோடு சொல்லுதல் ஒரு படி. கணக்கை என் கண்ணாற் கண்டபின்பே எழுதுவேன் எனல் ஒரு படி. இவற்றுள் ஒன்றையேனும் ஏறாதவர், எனக்கு வழியில்லை என்று சொல்லுதல் பொருந்தாது. இவ்வளவிலும், பழியிற் பெரும்பங்கு செய்தவருக்கும் செய்வித்தவருக்குமே உரியது. ஊரார் பல சமயங்களில் எட்டாத எசமானரை விட்டு, எட்டும் ஏவலாளரைக் கல்லெறிகின்றனர். அது கோழைகளின் நீதி. மாரீசனை நொந்து இராவணனை மறத்தல் கூடாது.

ஆசிரியர்களே, இது தூரதேசத்துச் செல்வரின் கதை, நமக்கென்ன என்று இருத்தல் வேண்டா. நாமும் பிறர்பொருட்டு நாவையும் பேனாவையும் அளிப்பவரே. மாணாக்கன் ஒருவன் வேலை தேடிப் போகும்போது நற்சான்றிதழ் எழுதிக் கொடுக்கின்றோம். அவன் தந்தை பிரபுவாயிருந்தால் எழுத்து இனிக்கின்றது, ஏழையாயிருந்தாற் சுருங்குகின்றது. அச்சான்றிதழை வாசிப்பவர் நம் கையொப்பத்தை நம்புகின்றார். அந்நம்பிக்கை அவர் பொருள், நாம் பரிசளிக்க உரியதன்று. பாடசாலையின் ஆண்டறிக்கையை எழுதுகின்றோம். குறைகளை மறைத்தால் மேலிடத்தார் மகிழ்வர், பிள்ளைகளுக்கு வேண்டிய மேசையும் மலசலகூடமும் வாரா. வரவு இடாப்பில் ஒரு கோடு கூட்டுதலும் சிறு பிரசாரமே. லட்லோப் பிரசுரங்களில் இருந்த பொய்யும் எண்ணிக்கையிலேயே இருந்தது.

இன்னும் ஒன்று. நம் மாணாக்கருட் பலர் நாளைக்கு மந்திரிமாரின் காரியாலயங்களிலும் வங்கிகளிலும் கும்பினிகளிலும் எழுத்துவேலைக்குச் செல்வர். பட்டிமன்றத்தில் எக்கட்சியைக் கொடுத்தாலும் பேசி வெல்லும் ஆற்றலை அவர்களுக்குக் கற்பித்துக் கைதட்டுகின்றோம். கற்பிக்க, அது நல்ல பயிற்சி. ஆயின் பேச்சு முடிந்தபின், தம்பி, நீ சொன்ன கணக்கை எங்கே பெற்றாய், நீ அதனை நம்புகின்றாயா என்று ஒரு வினா வினவுவோமாக. அவ்வினாவுக்குப் பழகிய பிள்ளை, வளர்ந்தபின் எசமானர் ஒருவர் எதிரே நின்று அதனைத் தானே வினவும். அப்பிள்ளை வினவும்போது, ஆசிரியராகிய நாம் அதனை அதிகப்பிரசங்கம் என்று அடக்காதிருத்தலும் வேண்டும். வகுப்பில் அடக்கப்பட்ட வினா, காரியாலயத்தில் எழுவது அரிது.

உண்ட வீட்டுக்கு உழைப்பைக் கொடுப்போம்; காலத்தைக் கொடுப்போம்; துன்பக்காலத்தில் வாயிலை விட்டகலாது நின்று, தனியிடத்தில் இடித்தும் உரைப்போம். கேட்போருக்கு உரிய உண்மையை மட்டும் எவருடைய சோற்றுக்கும் ஈடாகக் கொடாதிருப்போமாக.